வாசலில் உடைத்த கிண்ணம்

ஊதுபத்தியைச் சாம்பலில் செருகிவிட்டு நிமிர்ந்தபோதுதான் சிசுருவின் கண்ணை அது உறுத்தியது. இறந்து கிடந்த அப்பாவின் தலைமாட்டில், குவித்த சோற்றில் சாப்பிடும் குச்சிகளை நட்டு வைத்திருந்த கிண்ணம் அவருடையது இல்லை.

அப்பாவின் கிண்ணத்தில் விளிம்பு சில்லு போயிருக்கும். அரக்கு வைத்து அவரே ஒட்டியது. இதிலும் அதே நீலக்கோடுதான், ஆனால் விளிம்பு முழுசாக இருந்தது.

"இந்தச் சோத்த யாரு வச்சது சித்தப்பா?"

"பக்கத்து வீட்டு கிக்குயேதான். விடிஞ்சதுலேர்ந்து அடுப்படி அவ பொறுப்பு. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

சும்மா எங்கே கேட்டாள்! ஒசாகாவிலிருந்து வந்து இறங்கியது முதலே கருவாடு விற்கும் அந்த கிக்குயே மேல் அவளுக்கு ஒரு கண். உப்பு டப்பா எங்கே என்று யாரையும் கேட்காமல் எடுக்கிறாள். அம்மா போய் ஒன்பது வருஷமாகிறது. செருப்பு அலமாரியில் பெண்பிள்ளை செருப்பு ஒரு ஜோடி இருக்கிறது.

அடுப்படிக்குப் போனாள். "அப்பாவோட கிண்ணம் எங்கக்கா?"

கிக்குயே முள்ளங்கி நறுக்குவதை நிறுத்தவில்லை. "அதான் தலைமாட்டுல வச்சிருக்கேனேம்மா."

முகத்தைப் பார்க்காமல் சொன்ன பச்சைப் பொய். அவளுடைய ஏப்ரன் பை புடைத்திருந்தது.

சவப்பெட்டி கிளம்பும்போது செத்தவரின் கிண்ணத்தை வாசலில் போட்டு உடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் சோற்றுக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருப்பார். அப்பாவை நிம்மதியாகப் போகவிடாமல் இவள் என்ன செய்யப் பார்க்கிறாள்? வாசலில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுவது என்று சிசுரு முடிவு கட்டினாள்.

பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். சித்தப்பா கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தார். சொந்தக்காரர்களுக்குப் பின்னால், வேலிப் பக்கமாக, கிக்குயே நின்றிருந்தாள். சிசுரு கிண்ணத்தைத் தூக்கியதும் கிக்குயேவின் கை ஏப்ரன் பையை இறுக்கிப் பிடித்தது.

பிடிபட்ட திருடியின் முகத்தைப் பார்க்கத்தான் சிசுரு திரும்பினாள். கிக்குயே உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். இந்த வாசலில் வாய்விட்டு அழ அவளுக்கு ஒரு உறவுமுறை இல்லை.

"என்னம்மா யோசிக்கிற? அண்ணன் கிண்ணம்தான அது?"

சிசுரு அந்த ஏப்ரன் பையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"அவரோடதுதான் சித்தப்பா."

கிண்ணம் கல்லில் பட்டுச் சிதறியது. சிசுரு ஏறியதும் வண்டி நீளமாக ஹாரன் அடித்துக் கிளம்பியது.

திருப்பத்தில் சிசுரு கண்ணாடி வழியே பார்த்தாள். கிக்குயே வாசலில் குத்தவைத்து, ஒரு கையால் ஏப்ரன் பையைப் பிடித்தபடி, மறு கையால் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.