திட்டி வாங்கிய டேப்லெட்

எங்கள் குடும்பத்தில் வாங்கப் போகும் பொருளை யாரும் புகழ்ந்து பேசியதில்லை. துணிக்கடை, பாத்திரக்கடை, பயணப்பெட்டிக் கடை என்று பெரியப்பா, சித்தப்பா எல்லாருமே கடைத்தெருவில் வளர்ந்தவர்கள். வேண்டியதைத் திட்டு, வேண்டாததைப் புகழ். தாய்ப்பாலுக்கு அடுத்தபடியாக எங்களுக்கு ஊட்டப்பட்டது இதுதான். என் பெரியப்பா ஒருமுறை வாடகைக்கு வீடு பார்க்கப் போனார். பிடித்த வீட்டைப் பற்றி மூச்சு விடாமல், எதிர் வீட்டை ஒரு மணி நேரம் புகழ்ந்தார். தரகர் எதிர் வீட்டையே முடித்துக் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் அந்த ஒழுகல் வீட்டில்தான் இருக்கிறார். அதைப் பார்த்தாவது நான் திருந்தியிருக்க வேண்டும்.

என் தங்கை டேப்லெட் வாங்கக் கிளம்பிய அன்று நானும் உடன் போனேன். அவள் கூப்பிடவில்லை. நானாகத்தான் செருப்பை மாட்டினேன்.

அவள் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் பதினோரு வருடமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். அடுத்த அறையில் அறுவை சிகிச்சைக் கருவிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்குகிறார்கள். அந்த அறைக்குள் வேலைக்குப் போக ஒரு தேர்வு எழுத வேண்டும். நாற்பது வயதுக்குள் எழுதியாக வேண்டும். அவளுக்கு நாற்பது நிறைய மூன்று மாதம். தேர்வுக்கு நாற்பத்தேழு நாள். இதுதான் கடைசி வாய்ப்பு.

போன வருடம் இரண்டு மதிப்பெண்ணில் தவறிவிட்டாள். புத்தகம் அச்சில் கிடையாது. நெட்டில் இறக்கிக்கொள்ள வேண்டிய அறுநூற்று நாற்பது பக்கம். வீட்டில் இருப்பது ஒரே ஒரு கைபேசி. அது மாப்பிள்ளையோடு பார்சல் வண்டியில் ஊர் சுற்றிவிட்டு, இவளுக்கு ஓய்வு கிடைக்கும் மத்தியான நேரமெல்லாம் போன பிறகுதான் வீடு திரும்பும். அந்தச் சின்னத் திரையில் இருநூற்றுப் பதினாலாம் பக்கத்து அட்டவணையைப் பெரிதாக்கினால் எழுத்து தெரியும், வரிசை தப்பிப்போகும். எந்தச் சூட்டுக்கு எத்தனை நிமிடம் என்பது அந்த அட்டவணை. தேர்வில் பதினைந்து என்று எழுத வேண்டிய இடத்தில் மூன்று என்று எழுதிவிட்டு வந்தாள். போன இரண்டு மதிப்பெண் அதுதான்.

"அண்ணே, கூட வர்றதுன்னா வா. கடையில வாயைத் திறக்காம இரு."

"வாயைத் திறக்காம வர்றதுக்கு நான் எதுக்கு? ஒரு குடையைக் கூட்டிட்டுப் போ."

"குடை பிரயோஜனப்படும்" என்றாள்.

கடையின் வாசலிலேயே 'ஒரே விலை' என்று பெரிய பலகை. அப்படி ஒரு பலகையைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஊறும். உள்ளே நீள மேசையில் டேப்லெட்டுகளைக் கன்றுக்குட்டிகள் மாதிரி கம்பியில் கட்டி வைத்திருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண்மணி வந்தார். சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது என்று அவரே சொன்னார். நம்மிடம் உண்மை சொல்கிற கடைக்காரரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்போதே உஷாராகியிருக்கலாம்.

"பிள்ளைங்களுக்காங்க?"

"எனக்கு" என்றாள் தங்கை.

"படம் பார்க்கவா? இதுல கேமரா முன்னாடி ஒண்ணு, பின்னாடி ரெண்டு..."

"கேமரா வேண்டாங்க. எனக்கு இருநூத்திப் பதினாலாம் பக்கம் தெரியணும். நெட்ல வகுப்பு திக்காம ஓடணும். கையில இருக்கிற போனஸுக்குள்ள அடங்கணும்."

சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து ஒரு மெமரி கார்டை எடுத்தாள். உள்ளே அந்தப் புத்தகம். மேசையில் இருந்த ஒவ்வொன்றிலும் அதைப் போட்டு, அதே பக்கத்தைத் திறந்து, ஆற அமரப் படித்துப் பார்த்தாள். முதலாவது ஏழு அங்குலம், விலை சல்லிசு. எழுத்து எள்ளு மாதிரி இருந்தது. "இதுக்குக் கைபேசியே போதும்" என்று வைத்தாள். இரண்டாவது பேனாவும் விசைப்பலகையுமாக மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றது. எழுத்து கண்ணுக்குள் வந்து உட்கார்ந்தது. விலைச்சீட்டைத் திருப்பினாள். போனஸ் மாதிரி இரண்டு மடங்கு. பெருமூச்சுகூட விடாமல் நகர்ந்துவிட்டாள்.

மூன்றாவது புதுசு. பத்து அங்குலம், பளபளவென்று இருந்தது. உறை இலவசம், காதில் மாட்டும் கருவியும் இலவசம். போனஸுக்குள் அடங்கியது. ஆனால் பக்கத்தைத் தள்ளினால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் புரண்டது. தங்கை அட்டவணையில் ஒரு எண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

"இது மூணா, எட்டா?"

விற்பனைப் பெண்மணி குனிந்தார். "எட்டு... இருங்க. மூணு."

"இந்த இடத்துல தப்பாப் படிச்சா, சுத்தமாகாத கத்தி ஒருத்தர் வயித்துக்குள்ள போகும்" என்றாள் தங்கை. பெண்மணி நிமிர்ந்து அவளை ஒருமுறை பார்த்தார். அதற்குப் பிறகு கேமராப் பேச்சே எடுக்கவில்லை.

மேசையின் ஓரத்தில் நான்காவது. போன வருடத்து மாடல், மேசையில் காட்சிக்கு வைத்திருந்தது, கடையில் மிச்சமிருந்த ஒரே ஒன்று. முதுகில் ஒரு கீறல். உறை கிடையாது. விலை மூன்றாவதற்குச் சமம். தங்கை அதில் பக்கத்தைத் திறந்தாள். கம்பியை அவிழ்க்கச் சொல்லி, கண்ணாடிக் கதவருகே வெயிலில் கொண்டு போய் நின்றாள். நனைந்த விரிப்பைத் தூக்கிப் பழகிய இடக்கையில் அதை மட்டும் ஏந்தி, பத்து நிமிடம் அசையாமல் படித்தாள். திரும்பி வந்து, சார்ஜ் எத்தனை மணி நேரம் தாங்கும், அப்டேட் இன்னும் எத்தனை வருடத்துக்கு வரும், பழுதானால் எங்கே கொடுப்பது என்று வரிசையாகக் கேட்டாள். பெண்மணி உள்ளே போய்க் கேட்டு வந்து ஒவ்வொன்றாகச் சொன்னார்.

தங்கை கீழுதட்டை உள்ளே மடித்தாள். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த உதடு அது. பொருள் பிடித்துவிட்டது.

இனி நம் வேலை என்று நான் முன்னால் வந்தேன்.

"இதையா வாங்கப் போறே? ஐயோ!" என்று ஆரம்பித்தேன். "முதுகுல கீறல். போன வருஷத்துச் சரக்கு. செங்கல் கனம். பட்டன் ஆடுது. சத்தம் தகர டப்பா. வெளிச்சம் கண்ணைக் குத்துது. தொட்டுப் பாரு, தோசைக்கல்லு மாதிரி சுடுது!"

ஏழு. எங்கள் சித்தப்பா ஒரு பித்தளைக் குடத்துக்குச் சொன்ன ஒன்பது குறைதான் குடும்பத்தில் சாதனை. அவர் வயதுக்கு நானும் ஒன்பதைத் தொட்டுவிடுவேன். தங்கை என் காலை மிதித்தாள். நாடகத்தில் அதுவும் ஒரு கட்டம் என்று எடுத்துக்கொண்டு, மூன்றாவதைக் கையில் ஏந்தினேன். "சரக்குன்னா இது சரக்கு! என்ன மினுக்கு, என்ன அடக்கம்!"

பெண்மணி ஒரு படிவத்தில் மளமளவென்று எழுதிக்கொண்டார். நான்காவதைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"பார்த்தியா?" என்றேன் தங்கையிடம். "விலையைக் குறைக்க மேலாளரைக் கேட்கப் போறாங்க."

பெண்மணி திரும்பி வந்தபோது கையில் மூன்றாவதின் புதுப் பெட்டி இருந்தது.

"சார் சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க. வாடிக்கையாளர் சொல்ற குறையெல்லாம் எழுதிக் கொடுக்கணும்னு எங்களுக்கு உத்தரவு. ஏழு இருக்குன்னதும் மேலாளர் அதைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பச் சொல்லிட்டார். நாலு மணி வண்டியில போயிடும். உங்களுக்குப் பிடிச்ச இதையே பில் போடட்டுங்களா?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளை கெட்டபோதாவது கூட ஒரு தங்கை நின்றிருக்கவில்லை.

என்னிடம் இன்னும் ஒரு வித்தை மிச்சம் இருந்தது. வெளிநடப்பு. "வேண்டாம், வா போகலாம்" என்று சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடக்க வேண்டும். மூன்றாவது அடியில் கடைக்காரர் கூப்பிடுவார். எங்கள் தெருவில் இது பொய்த்ததே இல்லை. மூன்று அடி நடந்தேன். நாலாவதும் வைத்தேன். யாரும் கூப்பிடவில்லை. கண்ணாடிக் கதவு மட்டும் தானாகத் திறந்து மரியாதையாக வழிவிட்டது.

திரும்பிப் பார்த்தால் தங்கை என் பின்னால் இல்லை. கடையின் பின்கட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை.

பின்னால் ஒரு முற்றம். அட்டைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வண்டி நின்றது. மேலாளர் கையில் பட்டியலோடு எண்ணிக்கொண்டிருந்தார்.

"மேடம், வாடிக்கையாளர் இங்க வரக் கூடாது."

"வந்துட்டேங்க. இப்ப கடைக்குள்ளேர்ந்து அனுப்பினாங்களே, அந்த டேப்லெட் எனக்கு வேணும்."

அப்படிப் பட்டவர்த்தனமாக! 'எனக்கு வேணும்' என்று! எங்கள் வம்சத்தில் ஒரு கடைக்காரர் முன்னால் அந்த வார்த்தை விழுந்தது அன்றைக்குத்தான்.

"அதுல ஏழு குறை இருக்குன்னு உங்க கூட வந்தவரே..."

"எங்க அண்ணன்தான். பொய் சொன்னார்."

"எதுக்கு?"

"அதை வாங்கறதுக்கு."

மேலாளர் வண்டிக்காரரைப் பார்த்தார். வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். "வாங்கறதுக்கா திட்டினீங்க? அப்ப வேண்டாம்னா என்ன பண்ணுவீங்க, மாலை போடுவீங்களா?" என்றார் வண்டிக்காரர்.

மேலாளர் தலையை ஆட்டினார். "குறை பதிவாயிடுச்சும்மா. பதிவான பொருளை விக்க எனக்கு அனுமதி இல்ல. அதே மாதிரி புதுசா வேற பாருங்களேன்."

"இந்த விலைக்கு அந்தப் பக்கம் தெளிவாத் தெரியறது இது ஒண்ணுதான். எல்லாத்தையும் பார்த்துட்டேன். உங்க கடைப் பொண்ணுக்கிட்டயே கேளுங்க." அவள் நகரவில்லை. வண்டியின் பின்கதவுக்கும் மேலாளருக்கும் நடுவில் நின்றாள். "பதிஞ்சதை எப்படி எடுக்கறது, அதைச் சொல்லுங்க."

மேலாளர் கொஞ்சம் யோசித்தார். "சொன்னவரே ஒவ்வொரு குறையையும் அடிச்சு, தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா எடுக்கலாம்."

"அண்ணே, உட்காரு."

ஒரு அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். படிவத்தை மடியில் வைத்தார்கள். என் கையாலேயே, ஒரு பொருளை, பில் போடுவதற்கு முன்னால், நல்லது என்று எழுத வேண்டும். பெரியப்பா பார்த்தால் அந்த ஒழுகல் வீட்டுக்குள்கூட என்னை விட மாட்டார்.

பட்டன் ஆடவில்லை. கையெழுத்து. சத்தம் தெளிவாக இருக்கிறது. கையெழுத்து. கனமில்லை, வெளிச்சம் குத்தவில்லை. சூடு என்ற வரிக்கு வந்து பேனாவை வைத்தேன். தங்கை தடுத்தாள்.

"அதை இப்ப அடிக்காதே. நீ சும்மா சொன்னியா நிஜமான்னு எனக்கும் தெரியணும்."

அட்டைப்பெட்டியிலிருந்து டேப்லெட்டை எடுக்கச் சொல்லி, கடையின் வைஃபையில் தன் வகுப்பின் பழைய பாடம் ஒன்றை ஓடவிட்டாள். வண்டிக்காரர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். "பத்து நிமிஷம் பொறுங்க அண்ணே. எனக்கு ஒரு வருஷம் போயிருக்கு" என்றாள். அவர் இஞ்சினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். நீராவிப் பெட்டியின் கதவை எப்படி மூடுவது என்று ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு இடத்திலும் திக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மேலாளரையும் வைக்கச் சொன்னாள்.

"வெதுவெதுன்னுதான் இருக்கு" என்றார்.

"இப்ப அடி, அண்ணே."

அடித்தேன். 'போன வருஷத்துச் சரக்கு' என்பது குறையே இல்லை, தகவல் என்று மேலாளரே சொல்லிவிட்டார். மிச்சம் கீறல்.

"கீறல் நிஜம். அதை அப்படியே விடு" என்றாள் தங்கை.

எனக்கு உயிர் வந்தது. "கீறல் நிஜம்னா அதுக்கு ஒரு தொகை குறைக்கணுமே சார்? நியாயம்னு ஒண்ணு..."

"ஒரே விலை சார்."

"ஒரு உறையாவது..."

"அண்ணே" என்றாள். அந்தக் குரலில் நான் எழுந்து நின்றுவிட்டேன். "உறை நான் தைச்சுக்குவேன். கீறல் இருக்குன்னு தெரிஞ்சேதான் வாங்கறேன்னு நானே கையெழுத்துப் போடறேன். பில் போடுங்க."

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பில் வந்தது. பெண்மணி டேப்லெட்டைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "நல்லா எழுதுங்க மேடம்" என்றார். என்னைப் பார்த்ததும் குறைப் படிவக் கட்டை எடுத்து மேசைக்குள் வைத்தார்.

பேருந்தில் இடம் கிடைத்ததும் தங்கை பக்கத்தைத் திறந்து என் மடியில் வைத்தாள். "கேளு" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

என் கண்ணாடி வீட்டில் இருந்தது. இருந்தும் ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாகத் தெரிந்தது. "நூத்தி இருபத்தொண்ணு டிகிரி?"

"பதினஞ்சு நிமிஷம்."

"நூத்தி முப்பத்தி நாலு?"

"மூணு."

பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார். "நல்ல டேப்பா சார் இது? நானும் ஒண்ணு பார்த்துட்டிருக்கேன்."

பழக்க தோஷத்தில் 'ஐயோ, இதையா' என்று வாய் தானாகத் திறந்தது. தங்கை ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"நல்ல டேப்" என்றேன். "ஏழு தரம் சோதிச்சு வாங்கினது."

"எவ்வளவு குறைச்சுக் கொடுத்தாங்க?"

இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் யாரும் உண்மை சொன்னதில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஒரு பைசா குறைக்கலைங்க" என்றாள் தங்கை, மறுபடி கண்ணை மூடியபடி. "அண்ணே, அடுத்த வரிசை."