காய்ச்சல் இல்லை

ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றிச் சுருட்டும்போது அத்தை அடுப்படிக்குள் வந்துவிட்டாள். மகள் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

காலையில் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்து அத்தைக்கு ஒரே பேச்சு. மருந்துக்கடைக்காரி மகளாக வாய்த்ததால்தான் காய்ச்சல்கூட இல்லாமல் பூ உதிர்ந்த மாதிரி போனாளாம். ஒவ்வொரு பாராட்டும் மகளுக்குச் சுருக்கென்று தைத்தது.

காய்ச்சல் இல்லாததுதானே வினை.

நான்கு வருடம் முன்பு அம்மாவின் விரல்கள் மூட்டுவாதத்தில் முடங்கிக் கிடந்தன. ரவிக்கைக் கொக்கி மாட்டக்கூட அப்பா வர வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த புது ஊசியை வாராவாரம் மகளே போட்டாள். முதல் நாள் விளக்கமும் சொன்னாள்:

"உடம்புல செல்லுக்குச் செல் சேதி அனுப்பிக்கும்மா. சைட்டோகைன்னு பேரு. வயித்துக்குள்ள கருவை வளர்க்கிறதும் அந்தச் சேதிங்கதான். அதுல ஒண்ணு இப்ப எல்லை மீறி உன் மூட்டைத் தின்னுது. இந்த ஊசி, சேதி கேக்குற காதை அடைச்சிடும்."

"உங்கப்பாவுக்கு ஊசி போடாமலே அடைச்சிருக்கே," என்றாள் அம்மா.

ஆறு மாதத்தில் கை திரும்பியது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. குழாய், டப்பா எதுவானாலும் இறுக்கி மூடிவிடுவாள். முப்பது வருடம் பஸ் ஓட்டிய அப்பா, திறக்க முடியாமல் அவளிடமே கொண்டுபோய் நீட்டுவார்.

போன வாரம் லேசான இருமல், அசதி. மூன்று நாளும் மகள் தெர்மாமீட்டர் வைத்து, காலண்டரில் 98.4 என்று குறித்து, காய்ச்சல் இல்லை, படுத்துக்கொள் என்றாள். நான்காம் நாள் மூச்சு வாங்கியது. சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. நுரையீரல் முழுக்கக் கிருமி என்றார்கள் ஆஸ்பத்திரியில். காய்ச்சலைக் கிளப்புவதும் அதே சேதிதான். காதை அடைத்தது அவள். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருந்ததும் அவளே. இந்த ஊசி போடுகிறவர்கள் காய்ச்சலை நம்பிக் காத்திருக்கக் கூடாது என்று கடைக்கு வருகிறவர்களிடம் நூறு தடவை சொன்ன எச்சரிக்கைதான். ஊருக்கு உபதேசம்.

பூசி மெழுகுவது அவளுக்கு வராது. கூடத்துக்குப் போய் அப்பாவின் முன்னால் காலண்டரை விரித்தாள். ஒன்று விடாமல் சொன்னாள்.

"என் தப்புப்பா. அந்த ஊசி போட்டா காய்ச்சல் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் விட்டுட்டேன்."

பின்னாலேயே வந்த அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா கையமர்த்தினார். மூன்று எண்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"எனக்குக் காது நல்லாத்தாம்மா கேக்கும்," என்றார் கடைசியில். "மூணு நாளும் அவ இருமினது கேட்டுச்சு."

பிறகு டீ போடச் சொன்னார்.

சர்க்கரை டப்பாவைக் கடைசியாக மூடியது அம்மா. மகள் துணியைச் சுற்றித் திருகினாள். அசையவில்லை. அப்பா வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். அவருக்கும் அசையவில்லை. டப்பாவைத் துடைத்து மேஜை நடுவில் வைத்தார்.

அப்பாவும் மகளும் சர்க்கரை இல்லாமலே டீயைக் குடித்தார்கள்.