கைமேல் விழுந்த பழி

காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை உடைக்கிற கம்பெனியில் எனக்கு வேலை. கொட்டையின் தோட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. பட்ட இடம் வெந்து தோல் உரியும். கம்பெனியில் கையுறை கொடுக்கத்தான் கொடுக்கிறார்கள். அதைப் போட்டால் வேர்வையில் வழுக்குகிறது. எல்லாரும் கழற்றி வைத்துவிட்டுக் கையில் சாம்பலைத் தடவிக்கொண்டுதான் உடைக்கிறோம். அதனால் என் கை கை மாதிரியே இருக்காது. கறுத்து, வெடித்து, அங்கங்கே உரிந்து கிடக்கும். இந்தக் கைதான் கொஞ்ச காலம் எங்கள் வீட்டில் குற்றவாளியாக இருந்தது.

எங்களுக்கு இரண்டும் பெண். இரண்டு பேரையும் சிதம்பரத்தில் டாக்டர் எழிலரசிதான் வயிற்றைக் கிழித்து எடுத்தார். சின்னவள் பிறந்தபோது ரத்தம் நிறையப் போய், என் மனைவி சந்திரலேகா பிழைத்ததே மறுபிறவி. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனையும் அப்போதே சேர்த்துச் செய்ய முடியவில்லை. “உடம்புல ரத்தம் ஊறட்டும், அப்புறம் பண்ணிக்கலாம். அதுக்குள்ள இன்னொண்ணு உண்டாச்சுன்னா லேகா உயிருக்கு நான் பொறுப்பில்ல” என்றார் டாக்டர். அதுவரை காண்டம் போடுங்கள் என்றும் சொன்னார். எதைப் போடுவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதில் கேட்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

வீடு கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் பக்கம். தெருமுனை மெடிக்கலை நடத்துகிற மணவாளன் எனக்கு மாமன் முறை. அவர் கடையில் காண்டம் வாங்குவதும் தெருவில் தமுக்கு அடிப்பதும் ஒன்று. அதனால் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில்தான் வாங்குவேன். அங்கேயும் நேராகக் கேட்க வாய் வராது. முதலில் தலைவலி மாத்திரை கேட்பேன். பெண்கள் யாராவது நின்றால் கூடவே தைலம் கேட்பேன். கூட்டம் குறைந்ததும் கண்ணாடி அலமாரிக்குள் இருப்பதைக் கையால் காட்டுவேன். கடைக்காரர் கைக்கு வந்த டப்பாவை எடுத்துப் பேப்பரில் சுற்றித் தருவார். ஒரு தடவை ஸ்ட்ராபெரி வாசனை வரும், ஒரு தடவை புள்ளி புள்ளியாக வரும். வந்ததை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவேன். வீட்டில் தலைவலி மாத்திரை குவிந்துவிட்டது.

“உனக்கு இம்மாந் தலவலியா மாமா? நான் அவ்ளோ கொடுமையா பண்றேன்?” என்பாள் லேகா.

அப்போதெல்லாம் சிரிக்கிற தெம்பு இருந்தது. பிறகு அவளுக்கு எரிச்சல் ஆரம்பித்தது. நாங்கள் சேர்ந்த மறுநாள் உட்கார முடியாது, நடக்க முடியாது, வீங்கிப்போய்த் துடிப்பாள். அவள் அம்மா உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார். அது அடங்கவில்லை. பாயில் குப்புறப் படுத்தபடி லேகா ஒருநாள் என் கையைப் பார்த்தாள். அவ்வளவுதான், தீர்ப்பு வந்துவிட்டது.

“முந்திரி எண்ண மாமா. நீ கழுவுறேங்கற. அது எங்க போவுது? நகத்துக்குள்ள நிக்குது. அந்தக் கையோடதான எம்மேல வர்ற.”

நானும் நம்பினேன். காடாம்புலியூர்ப் பக்கம் இருக்கிற எவனும் நம்புவான். எங்கள் ஊரில் எரிச்சல் என்றால் அதற்கு ஒரே பெயர்தான், முந்திரி எண்ணெய்.

அதிலிருந்து பிடித்தது சனி. வேலை விட்டு வந்ததும் தேங்காயெண்ணெய் தேய்த்துக் கையை ஊறவைப்பேன். பிறகு சாம்பல், புளி, துணி சோப்பு. நகத்தை ரத்தம் வர வெட்டுவேன். அவளைத் தொடுகிற நாளில் இன்னும் ஒரு படி மேலே போய், சொரசொரப்புப் படக்கூடாதே என்று கை நிறையத் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்வேன். அப்படியும் எரிந்தது. கழுவின கை வேறு எனக்கு எரிந்தது. சோற்றில் கைவைத்தால் காரம் உயிர்போகும், ஸ்பூனால்தான் தின்றேன்.

பெரியவள் பிறந்தநாளுக்கு லேகா உட்கார்ந்து பலூன் ஊதினாள். ஊதி முடிப்பதற்குள் உதடு பணியாரம் போல உப்பிவிட்டது.

“பாக்கெட்டப் பிரிச்சது நீதான?” என்றாள்.

நான்தான். அன்றிலிருந்து பிள்ளைகள் எங்களுக்கு நடுவில் படுத்தார்கள். அவளுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்தேன். கம்பெனியை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். வேறு வேலைக்குப் போனாலும் இதே கைதானே கூட வரும்? அலுத்துப்போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் அவள் அம்மாவோடு பீச்சுக்குப் போயிருந்தார்கள். லேகாவே பக்கத்தில் வந்து, “கைய நல்லாக் கழுவிட்டு வா” என்றாள். கழுவினேன், எண்ணெயும் பூசினேன். எல்லாம் முடிந்து பார்த்தால் ரப்பர் நீளவாக்கில் கிழிந்து தொங்கியது.

லேகா அழவில்லை. எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். “டாக்டரம்மா சொன்னது ஞாபகமிருக்கா?” என்றாள். அதைத் தவிர வேறு எது ஞாபகம் இருக்கும்?

மறுநாள் லீவு போட்டேன். கருத்தரிக்காமல் இருக்க உடனே போடுகிற மாத்திரை ஒன்று உண்டு என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். கடையில் போய்க் கேட்க இரண்டு பேருக்குமே தைரியம் இல்லை. சிதம்பரம் பஸ்ஸில் ஏறினோம். அவள் ஜன்னல் பக்கம் ஒண்டி உட்கார்ந்திருந்தாள். நான் கையை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் எழிலரசி முதல் காரியமாக மாத்திரையைக் கொடுத்து விழுங்கவைத்தார். “சீக்கிரம் வந்தீங்க, நல்லது. ஆனா இது நூத்துக்கு நூறு கிடையாது. நாள் தள்ளிப்போனா உடனே வந்து நிக்கணும்” என்றார். பிறகு எரிச்சலைப் பற்றிக் கேட்டுவிட்டு, லேகாவைத் திரைக்கு அந்தப் பக்கம் அழைத்துப்போனார். கொஞ்ச நேரத்தில், “ஐயோ, எரியுது மேடம்” என்ற சத்தம் கேட்டது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் நாற்காலியில் அல்லவா உட்கார்ந்திருக்கிறேன், என் கை எப்படி அங்கே போகும்?

டாக்டர் வெளியே வந்து கையுறையைக் கழற்றி மேஜைமேல் போட்டார்.

“பலூன் ஊதுனா இவங்களுக்கு உதடு வீங்குமா?”

“வீங்குச்சு மேடம். நான்தான் பாக்கெட்டப் பிரிச்சேன். முந்திரிக் கம்பெனியில வேல. கைதான் காரணம்” என்றேன், திருடன் ஒப்புக்கொள்கிற மாதிரி.

“கையக் காட்டுங்க.”

காட்டினேன். உரிந்த தோலையும் ஒட்ட வெட்டிய நகத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சோப்புப் போட்டுக் கழுவுன கையில எண்ண நிக்காது கொளஞ்சி. இவங்களுக்கு ரப்பர் ஒத்துக்கல. பலூன், இந்தக் கையுறை, நீங்க வாங்குற காண்டம் எல்லாம் ஒரே ரப்பர்தான். லேட்டக்ஸ்னு டப்பாவுலயே போட்டிருப்பான். நீங்க படிக்கலையா?”

டப்பாவை நான் எங்கே படித்தேன்? பேப்பரைப் பிரித்தவுடன் உள்ளே இருப்பதை உருவிக்கொண்டு டப்பாவைச் சாக்கடையில் போடுகிறவன் நான்.

“சரி, கிழிஞ்சது எப்படி? கையில எதாவது தடவுனீங்களா?”

“தேங்காயெண்ண மேடம். அவளுக்கு உறுத்தக்கூடாதுன்னு.”

டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “எண்ண பட்டா அந்த ரப்பர் இளகிக் கிழிஞ்சிடும். தேங்காயெண்ண, வாசலின் எதுவும் ஆகாது. வேணும்னா தண்ணியில கரையுற ஜெல் வாங்கிக்குங்க. காண்டம் லேட்டக்ஸ் இல்லாததாத்தான் வாங்கணும். வாசனை, புள்ளி ஒண்ணும் வேணாம். தேதி முடிஞ்சிருக்கான்னு பாருங்க. கடையில வாயத் திறந்து கேட்டாத்தான் தருவான்.”

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எரிச்சலுக்காகப் பழி சுமந்தது என் கை. அவளுக்கு உறுத்தாமல் இருக்க அதே கையில் நான் தடவியது அவள் உயிருக்கே உலை வைத்துவிட்டது. லேகா திரைக்குப் பக்கத்தில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலவீதியில் ஒரு மெடிக்கலில் ஏறினேன். நல்ல கூட்டம். “தலவலி...” என்று நாக்கு தானாகவே ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தேன். லேகா வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

“லேட்டக்ஸ் இல்லாத காண்டம் வேணும்” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும்.

கடைக்காரர், “சாக்லேட் ஃப்ளேவர் இருக்கு சார்” என்றார்.

“தின்னக் கேக்கல. லேட்டக்ஸ் இல்லாதது இருக்கா, இல்லியா?”

இல்லை. அடுத்த கடையிலும் இல்லை. அதற்கடுத்த கடையில் விலை ஜாஸ்தி, போகாது என்று வாங்கிப்போடுவதில்லையாம். மூன்று கடையிலும் கேட்டு முடித்தபோது எனக்கு வெட்கமெல்லாம் போய்க் கால்வலிதான் மிச்சம் இருந்தது. கீழவீதிப் பக்கம் ஒரு கடையில் சொல்லி வரவழைத்துத் தருகிறேன் என்றார்கள். “பேர் சொல்லுங்க” என்றார் கடைப் பெண். “கொளஞ்சி, கடலூர்” என்று முழுசாகச் சொன்னேன். சொன்னபடி ஒரு வாரத்தில் வந்தது. நானே போய் வாங்கி, கடையிலேயே நின்று டப்பாவை முன்னும் பின்னும் படித்தேன். கொண்டுவந்து பீரோவில் வைத்ததோடு சரி. அதைப் பிரிக்கிற மனசு இரண்டு பேருக்கும் இல்லை. அவள் நாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வர வேண்டிய நாள் வந்து போனது. மறுநாளும் போனது. கம்பெனியில் கொட்டைக்குப் பதில் விரலை நசுக்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் குழாயடிக்குப் போனேன். எண்ணெய், சாம்பல், புளி, சோப்பு என்று வரிசையாக ஆரம்பித்தேன். நசுங்கின விரல் எரிந்தது. பட்ட இடத்தை விட்டுவிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். லேகா வந்து பக்கத்தில் நின்றாள்.

“வந்துடுச்சு மாமா” என்றாள்.

குழாயில் தண்ணீர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மறுபடி சோப்பை எடுத்தேன். அவள் அதைப் பிடுங்கித் திட்டுமேல் வைத்தாள். குழாயை மூடினாள்.

“ஒரு தடவ கழுவுனா போதும். குடு இங்க.”

என் இரண்டு கையையும் பிடித்து முந்தானையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். நசுங்கின விரலுக்கு வந்ததும் நிறுத்தி, அந்தக் கையை அப்படியே தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நான் பயந்துபோய் இழுக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை.