ஐந்து சென்டிமீட்டர்

சவப்பெட்டியின் மூடியை மூன்றாம் முறையாகப் பொருத்திப் பார்த்தார்கள். இந்த முறையும் கால்மாட்டில் நான்கு விரல் தூக்கிக்கொண்டு நின்றது.

"உள்ள ஏதோ இடிக்குது சார்," என்றார் பெட்டிக்காரர்.

என்ன இடிக்கிறது என்று அவனுக்குத் தெரியும். மனைவியின் வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு இரும்பு வளையங்கள். அவற்றிலிருந்து மெல்லிய கம்பிகள் தோலுக்குள் புகுந்து, எலும்பைத் துளைத்து, மறுபக்கம் வெளியே வந்தன. காலைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தான். வட்டத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே உயரம்தான்.

"ஆஸ்பத்திரில சொல்லிக் கழட்டிடலாம் தம்பி," என்றாள் மனைவியின் அக்கா. "இனிமே எதுக்கு அது?"

"வேணாம்க்கா."

"அந்தக் காலாலதான போனா?"

அது உண்மை. காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்கு ஏறிவிட்டது என்றுதான் நேற்று டாக்டர் சொன்னார்.

பஸ் மோதி உடைந்த எலும்பில் சீழ் பிடித்தபோது, முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிடலாம் என்றார் முதல் டாக்டர். அவள் பஸ் கண்டக்டர். "ஒத்தக் கால்ல நின்னு டிக்கெட் கிழிக்க நான் என்ன கொக்கா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

இரண்டாம் டாக்டர் சீழ் பிடித்த ஐந்து சென்டிமீட்டரை மட்டும் வெட்டியெடுத்து, மீதியை ஒட்டவைத்தார். கால் அந்த அளவுக்குக் குட்டையானது. பிறகு மேலே, நல்ல எலும்பை ஒரே இடத்தில் அறுத்து, இந்தக் கூண்டை மாட்டினார். நட்டை ஒரு தடவைக்குக் கால் சுற்று, நாளைக்கு நான்கு தடவை திருப்ப வேண்டும். வளையங்கள் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் விலகும். விலகிய இடைவெளியில் உடம்பு தானே புது எலும்பை வளர்க்கும். ஐம்பது நாளும் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் திருப்பியவன் அவன்தான். அவன் லிப்ட் மெக்கானிக். "மெதுவாத் தூக்குங்க, நான் ஒண்ணும் மூணாவது மாடிக்குப் போகல," என்பாள்.

"கழட்டினா என்ன ஆகும் தெரியுமாக்கா?" என்றான். "புது எலும்பு இப்பதான் தயிர் மாதிரி உறைஞ்சிருக்கு. கெட்டியாக இன்னும் நாலு மாசம் ஆகும். அதுவரைக்கும் இந்தக் கூண்டுதான் எலும்பு. எடுத்துட்டா அந்த இடத்துல கால் மடங்கிடும்."

"அவ இனிமே நடக்கப் போறாளா?"

"இல்ல. ஆனா குதிகாலைப் பாருங்க."

அக்கா குனிந்து பார்த்தாள். இரண்டு குதிகால்களும் ஒரே கோட்டில் இருந்தன. அவள் நிமிர நேரமானது.

"அன்னிக்கே எடுத்திருந்தா இன்னிக்கு உயிரோட இருந்திருப்பா."

"இருந்திருக்கலாம். அவகிட்டதான கேட்டாங்க? அவ மாட்டேன்னுட்டா. இப்ப பெட்டிக்குக் கால் பெருசுன்னு நான் சரின்னு சொல்லணுமா?"



பெட்டிக்காரர் தொண்டையைச் செருமினார். "பெரிய பெட்டி நாளைக்குத்தான் கிடைக்கும் சார். நீங்க மூணு மணிக்கு எடுக்கணும்னீங்க."

"பலகை இருக்கா?"

"வண்டியில கிடக்கு."

அவன் சட்டைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தான். வளையம் விளிம்புக்கு மேலே எவ்வளவு நிற்கிறது என்று அளக்க, பெட்டியின் விளிம்புக்கு நேராக டேப்பின் ஒரு முனையை யாராவது பிடிக்க வேண்டியிருந்தது. அவன் கேட்கவில்லை. அக்கா வந்து பிடித்துக்கொண்டாள்.

"ஏழு," என்று படித்தவளும் அவள்தான்.

"எட்டா அறுங்க," என்றான் அவன்.

"ஏழு போதுமே சார்?"

"இடிச்சுக்கிட்டு நின்னா அவளுக்குப் பிடிக்காது."

பலகையை எட்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு அறுத்து, பெட்டியின் விளிம்பின்மேல் நான்கு பக்கமும் செங்குத்தாக நிறுத்தித் திருகினார்கள். மூடி எதிலும் இடிக்காமல் உட்கார்ந்தது.