பாண்டிருப்புக்குக் கடைசியாக

சுனாமிக்குப் பிறகு வந்த முதல் நோன்பில், கல்முனைப் பள்ளிவாசலின் தேங்காய்ப்பால் கஞ்சியை மூன்று முகாம்களுக்குக் கொண்டுபோகும் பொறுப்பை ஜவுபரின் முச்சக்கர வண்டி ஏற்றது. முதலில் வழியிலேயே இருந்த பாண்டிருப்பு, அதன்பிறகு மருதமுனையில் இரண்டு முகாம்கள். முதல் மூன்று நாளும் அவர் கடைசி முகாமை அடையுமுன் பாங்கு சொல்லிவிட்டார்கள். அங்கிருந்தவர்கள் வெறும் தண்ணீரில் நோன்பு திறந்தார்கள்.

"ஜவுபர் காக்கா, இது பெருநாளைக்குக் குடிக்கிற கஞ்சியா?" என்று அந்த முகாமின் சுஹறா கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். ஜவுபருக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலாம் நாள் வேகமாக ஓட்டினார். கஞ்சி சிந்தி அவருடைய சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

"என்ன தம்பி, கஞ்சியிலயா குளிச்ச?" என்றாள் பாண்டிருப்பு முகாமின் சுந்தரம்மா.

ஜவுபர் தன் கவலையைச் சொன்னார்.

"அப்ப எங்களுக்கு ஏன் முதல்ல தாறீங்க? நாங்க நோன்பா பிடிக்கிறம்?"

"அயலவருக்குக் குடுத்துட்டுத்தானே அக்கா நாங்க குடிக்கணும்?"

"அயல் எங்கயும் ஓடாது. திரும்பி வாற வழியில தாங்க."

மறுநாள் ஜவுபர் பாண்டிருப்பில் நிற்காமல் கையசைத்துவிட்டுப் போனார். கடைசி முகாமில் பாங்குக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே எல்லாக் கோப்பையும் நிறைந்துவிட்டது. ஒரு கோப்பையைச் சுஹறா அவரிடம் நீட்டினாள். அவரும் அங்கேயே நோன்பு திறந்தார்.

திரும்பி வந்தபோது சுந்தரம்மா சட்டியோடு வீதியில் நின்றாள்.

"கஞ்சி ஆறிப்போச்சு அக்கா."

"ஓம், நல்லதுதான். பிள்ளைகளுக்கு வாய் சுடாது" என்றாள் அவள்.