பல் ஆஸ்பத்திரியில் ஒரு கழுதை

கழுதையின் பின்பாதி நான். முன்பாதி அத்தான். நாடகத்தை எழுதி, இயக்கி, கழுதையின் சொந்தக்காரியாகவும் நடிப்பவள் என் அக்கா. வீட்டில் எப்படியோ மேடையிலும் அப்படித்தான்.

எங்கள் குழு ஓடுவது அரசுக் கலை வாரியத்தின் உதவியில். போன வருடம் வந்த மதிப்பீட்டாளர் எங்கள் நாடகம் தோல்வி என்று சொல்லிவிட்டார். ஆட்கள் பாதியில் எழுந்து போனார்களாம். இந்த வருடமும் அதே தீர்ப்பு வந்தால் உதவி நின்றுவிடும். அக்கா மறுபடி இன்சூரன்ஸ் விற்கப் போக வேண்டும். போனால் முதலில் என்னைத்தான் பிடிப்பாள்.

"யாரும் எழுந்து போக முடியாத இடமாப் பாத்துப் போடுவோம்" என்றாள் அக்கா. அப்படிக் கண்டுபிடித்ததுதான் அரசுப் பல் ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடம். காலையில் வந்து உட்கார்ந்தவர்கள் மதியம்வரை நகர மாட்டார்கள். அவள் மூளையை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

அன்றைக்கென்று பார்த்து எல்லா டாக்டர்களும் வேலைக்கு வந்திருந்தார்கள்.

மதிப்பீட்டாளர் அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கழுதைக்கு அக்கா பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் காட்சி சூடுபிடித்த நேரத்தில், நர்ஸ் கதவைத் திறந்து "அடுத்த ஆள் வாங்க" என்றார். ஒரு தடித்த மனிதர் எழுந்து போனார். பிறகு இன்னொருவர். துணி ஓட்டை வழியாகப் பார்த்தேன். முன்வரிசை மளமளவென்று காலியாகிக்கொண்டிருந்தது.

மிச்சமிருந்தவர்களும் சிரிக்கவில்லை. மரத்துப்போகும் ஊசி போட்டு வெளியே உட்கார வைத்திருந்தார்கள். சிரிப்பு நாடகத்துக்கு இப்படியொரு கூட்டம் வேறு யாருக்கு வாய்க்கும்?

"முடிஞ்சுது நம்ம கதை" என்று முணுமுணுத்தார் அத்தான்.

"பேசாம நடங்க அத்தான்."

அப்போது அந்தத் தடித்த மனிதர் உள்ளேயிருந்து வந்தார். கன்னம் வீங்கி, வாயில் பஞ்சு. வாசல் பக்கம் போகாமல் தன் பழைய நாற்காலிக்கே வந்தார். பக்கத்திலிருந்தவரிடம் கழுதையைக் காட்டி, தொண்டையைத் தொட்டு, கையை விரித்தார். பாடிவிட்டதா என்று கேட்கிறார். இன்னும் இல்லை என்று மற்றவர் தலையாட்டினார். தடித்தவர் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

பின்னாலேயே இன்னொரு பஞ்சு வந்தது. அப்புறம் இன்னொன்று. கடைசியில் கழுதை வாய் திறந்து பாடியபோது கூடத்தில் நிற்க இடமில்லை. வாய்விட்டுச் சிரிக்க முடியாதவர்கள் தொடையைத் தட்டித் தட்டிக் கண்ணில் நீர் வர ஆடினார்கள். நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட மறந்து நின்றார்.

நாடகம் முடிந்ததும் மதிப்பீட்டாளர் எங்களிடம் வந்தார்.

"எங்க விதிப்படி, ஆளுங்க பாதியில எழுந்து போனா தோல்விதாம்மா."

"திரும்பி வந்தாங்களே மேடம்" என்றாள் அக்கா. அவள் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதே இல்லை.

"அதான் தலைவலி. போனவங்க திரும்பி வருவாங்கன்னு விதி எழுதினவங்க நினைச்சே பாக்கல. இதைத் தோல்வின்னும் சொல்ல முடியாது, வெற்றின்னும் சொல்ல முடியாது. முடிவு தெரியாத ஒண்ணுக்கு உதவிய எப்படி நிறுத்தறது?" அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அடுத்த வருஷமும் போடுங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

அக்கா ஓடிவந்து கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எப்போதும்போல அணைப்பெல்லாம் முன்பாதிக்குத்தான். நான் துணிக்குள் குனிந்தபடியே சந்தோஷத்தில் கொஞ்சம் அழுதேன்.