கெட்டிக் கழுத்து

என் வீட்டுக்காரருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது என்று சொன்னால் எங்கள் தெருவில் யாரும் பதறமாட்டார்கள். சீனாவின் தெற்கே எங்கள் குவாங்சோவில் பிடிவாதக்காரனைக் 'கெட்டிக் கழுத்து' என்றுதான் சொல்வோம். டாக்-குவோங்கின் கழுத்து கல்யாண நாளிலிருந்தே கெட்டிதான், அன்றைக்கு என் அப்பாவுக்குக் குனிந்து வணக்கம் சொன்னபோதே அது பாதியில் நின்றுவிட்டது. வைத்தியம் பார்க்கிற அளவுக்கு முற்றியது மட்டும் போன புதன்கிழமை காலையில்.

"அடியே, என் தலை வரமாட்டேங்குது."

"எங்க போச்சு?"

"விளையாடாத. இடது பக்கமே நிக்குது, திரும்ப மாட்டேங்குது."

எழுந்து பார்த்தேன். மோவாய் இடது தோளின் மேல் போய் உட்கார்ந்திருந்தது. நான் படுப்பது கட்டிலின் வலது பக்கம். மனிதர் சுவரோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமென்றால் நான்தான் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அது எனக்கொன்றும் புதிதில்லை.

காரணம் ஊருக்கே தெரிந்த காரணம்தான். முந்தின நாள் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு ஏசிக்கு நேர் கீழே படுத்து, யாரோ மீன் பிடிப்பதை போனில் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனார். ஈரத் தலையோடு படுக்காதே என்று இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். இவருக்கு யார் சொல்வது? வேலையில் இருந்தவரைக்கும் லிஃப்ட் பழுது பார்ப்பதற்காக மேலேயே அண்ணாந்து பார்த்தார். ஓய்வு பெற்ற பிறகு போனுக்காகக் கீழேயே குனிந்து பார்க்கிறார். நேராகப் பார்த்த காலம் ஒன்று உண்டா என்றால், பெண் பார்க்க வந்த அன்று ஒரு நிமிஷம் பார்த்தார். அதற்காகத்தான் நானும் சம்மதித்தேன்.

எதிர் வீட்டு ஃபூன் அக்கா சத்தம் கேட்டு வந்துவிட்டாள். கல் உப்பை வாணலியில் வறுத்து, ஒரு காலுறையில் கொட்டிக் கட்டி, கழுத்தில் வைத்து அழுத்தினாள்.

"யாரோட சாக்ஸ் இது?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார் அவர்.

"என் வீட்டுக்காரரோடதுதான். துவைச்சதுதான் தம்பி, மூக்கைப் பொத்தாதீங்க" என்றாள் ஃபூன் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "இதுக்கு ஏன் இப்படி அல்லாடுறே? உன் தம்பிகிட்ட கூட்டிட்டுப் போ. ஒரு ஊசி குத்தினா முடிஞ்சது" என்றாள்.

உப்பு காலுறைக்குள் நெறுநெறுவென்றது.

"கழுத்து இப்படியே வெந்து போனாலும் அவன் வாசப்படி மிதிக்கமாட்டேன்" என்றார் என் கெட்டிக் கழுத்துக்காரர்.

என் தம்பி ஹோய்-பான் பக்கத்துத் தெருவில் வைத்தியம் பார்க்கிறான். நாடி, ஊசி, எண்ணெய் போட்டு அழுத்துவது, மூலிகைக் கஷாயம், எல்லாம் உண்டு. கை நல்ல கை. வாய்தான் கொஞ்சம் நீளம். தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு, தன் வயதைப் பத்து குறைத்துச் சொல்லி, அதற்கும் தன் கஷாயம்தான் காரணம் என்று நோயாளிகளிடம் அளப்பான். அவனும் இவரும் போன வருஷம் வரைக்கும் ஞாயிறு தவறாமல் டீக்கடையில் ஒரே மேசையில் காலை டீ குடித்தவர்கள். இறால் கொழுக்கட்டையில் கடைசி ஒன்றை ஒருவர் தட்டில் ஒருவர் தள்ளிவிட்டுச் சண்டை போடுவார்கள். பார்க்கவே நன்றாக இருக்கும்.

அது கெட்டது இரண்டு விரலால். எங்கள் ஊரில் ஒருவர் கோப்பையில் டீ ஊற்றினால், வாங்கிக்கொள்பவர் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கி மேசையில் டொக் டொக் என்று தட்ட வேண்டும். நன்றி, உனக்குத் தலை வணங்குகிறேன் என்று அர்த்தம். வாய் நிறைய சாப்பாடு இருக்கும்போது விரல்தான் தலைக்குப் பதிலாகக் குனியும். அன்றைக்கு ஹோய்-பான் எழுந்து நின்று இவருக்கு ஊற்றினான். இவர் போனுக்குள் மூழ்கிக் கிடந்தார். தட்டவில்லை. அவன் இன்னும் கொஞ்சம் ஊற்றினான். கோப்பை வழிந்து மேசை விரிப்பெல்லாம் நனைந்தது. அப்போதும் இவர் தலை நிமிரவில்லை.

"அத்தான், என் டீக்கு ரெண்டு விரல்கூட பெறாதா?" என்று கேட்டான் தம்பி.

'கவனிக்கலைடா' என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. இவர் சொன்னது என்ன தெரியுமா? "இலை ஊறின வெந்நிக்கு மரங்கொத்தி மாதிரி தட்டிட்டே இருக்கணுமோ?"

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். ஹோய்-பான் துண்டை மேசையில் போட்டுவிட்டு எழுந்து போனான். அதற்கப்புறம் சனிக்கிழமை தம்பியோடு டீ, ஞாயிற்றுக்கிழமை புருஷனோடு டீ என்று என் பிழைப்பு இரண்டாகப் பிளந்தது. போன நிலா விழாவுக்கு நிலா கேக்கை இரண்டாக நறுக்கி, ஒரே நிலாவை இரண்டு மொட்டைமாடியில் நின்று பார்த்தேன். எனக்கு இருப்பது ஒரு தம்பி, ஒரு புருஷன். வருகிற ஞாயிறு மறுபடி நிலா விழா. இரண்டு பேரும் ஒரு மேசையில் உட்கார வேண்டும். என் ஆசை அவ்வளவுதான், அதைக் கேட்கத்தான் இந்த வீட்டில் ஆளில்லை.

கழுத்துக்காரர் தானாகவே மெட்ரோ ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். மாத்திரை இல்லாமலே திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"என்னாச்சு?"

"இடது பக்கத்துல ஒரு பொம்பளை உக்காந்திருந்தா."

"சரி."

"நான் வேணும்னா பார்த்தேன்? தலை அந்தப் பக்கம்தானே நிக்குது! என்ன பார்வைன்னு கேட்டா. கழுத்துப் பிடிப்புன்னேன். இந்த வயசுல எல்லாக் கிழவனுக்கும் இதே கழுத்துப் பிடிப்புதான்னு சொல்லி வண்டியே சிரிக்கிற மாதிரி திட்டிட்டா. கண்ணை மூடிக்கிட்டேன். மூடிக்கிட்டுக் கனவு காணுறியான்னு அதுக்கும் திட்டினா."

சிரித்தால் வீடு இரண்டாகும் என்று தெரியும். சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

"வேற ஏதாவது வைத்தியர் இருந்தா கூட்டிட்டுப் போடி. உன் தம்பி மட்டும் வேண்டாம்" என்றார்.

"இருக்கார். பக்கத்துத் தெருவுலயே புதுசா வந்திருக்காராம், ஃபூன் அக்கா சொன்னா" என்றேன். பொய்தான். பொய்க்கு நான் வருத்தப்படவே இல்லை.

அவர் கையைப் பிடித்து, அவருக்கு வலது பக்கமாக நடந்தேன். ஹோய்-பானின் கடை தெருவின் வலது பக்கத்தில் இருக்கிறது. பலகையில் அவன் படமே பெரிதாக இருக்கும், சாயம் பூசிய தலையோடு. பார்க்கத்தான் இவருக்குத் தலை இல்லை. இடது பக்கத்து மீன் கடையையும் குடைக் கடையையும் பார்த்துக்கொண்டே வந்தார். வாசலில் மெல்ல ஒரு திருப்பு, இரண்டு படி, ஒரு நாற்காலி. உட்கார வைத்துவிட்டேன்.

"தெரிஞ்ச வாசனையா இருக்கே" என்றார்.

"வாங்க அத்தான்" என்றான் ஹோய்-பான்.

இவர் எழப் பார்த்தார். கழுத்து அவரைக் கீழே உட்கார வைத்தது. "அடியே, துரோகி!" என்று இடது பக்கம் இருந்த மருந்து அலமாரியைப் பார்த்துக் கத்தினார். நான் வலது பக்க ஸ்டூலில், அவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஹோய்-பான் நாற்காலியை இழுத்து அவருக்கு இடது பக்கம் போட்டுக்கொண்டான். இனி இவர் அவனைப் பார்த்தே ஆக வேண்டும்.

"நாக்கை நீட்டுங்க."

"கழுத்துக்கு வந்தா நாக்கு எதுக்கு?"

"உங்க வியாதி எல்லாம் அங்கருந்துதானே ஆரம்பிக்குது."

நீட்டினார். வேறு வழியில்லை. ஹோய்-பான் அதை ஆற அமரப் பார்த்தான். "ரொம்ப நாளாச்சு இந்த நாக்கைப் பார்த்து" என்றான். பிறகு மணிக்கட்டில் விரல் வைத்து, கண்ணை மூடி நாடி பார்த்தான். தூக்கம் வருதா, வாய் கசக்குதா, பசி எடுக்குதா, கோபம் வந்தால் எங்கே வலிக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனான்.

"வெளிக்கு ஒழுங்கா போகுதா?"

"டேய், கழுத்து எதுவரைக்கும்டா இருக்கு?"

"உள்ளங்கால் வரைக்கும்" என்றான் அவன். "அத்தான், எட்டாவது மாடியில லிஃப்ட் கதவு திறக்கலைன்னா, எட்டாவது மாடிக் கதவையா பிரிச்சுப் போடுவீங்க?"

தொழில் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. "முதல்ல மோட்டார் ரூமைப் பார்ப்பேன்."

"அதேதான். முழு உடம்பும் ஒரே லிஃப்ட். கையைக் குடுங்க."

வாங்கிய கையை மேசையில் குப்புற வைத்து, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பிரிகிற முட்டிக்குச் சற்று மேலே, புறங்கையில் ஒரு ஊசியைச் செருகினான். இவர் "ஐயோ" என்றார்.

"கழுத்துல பிடிப்புன்னா கையில குத்துறியே!"

"கழுத்துப் பிடிப்புக்கு இதுதான் இடம். எங்க குருவுக்கு குருவும் இங்கதான் குத்தினார். இந்த ரெண்டு விரலும் ஒரு வருஷமா வேலை இல்லாம சும்மாவே கிடந்திருக்குல்ல? அதான் மேல இறுகிப்போச்சு."

இதுவும் வைத்தியத்தில் சேர்த்தியா, அவன் வாயில் சேர்த்தியா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது அவருடைய வலது காது மட்டும். அது சிவந்துகொண்டே போனது.

"இன்னொரு கையும் குடுங்க. சாதாரணக் கழுத்துக்கு ஒரு கை போதும்."

இரண்டு கையிலும் ஊசி. "மெதுவா வலது பக்கம் திருப்புங்க" என்றான். "முடியாது" என்றார். "முடியலையா, மாட்டீங்களா?" என்றான். இவர் அவனை முறைத்தார். "சரி, கையை அசைக்காம இருங்க, ஊசி ஊறட்டும்" என்று சொல்லிவிட்டு, வருகிற நோயாளிக்கெல்லாம் செய்கிற வழக்கத்தில் கெண்டியை எடுத்தான். சாமந்திப் பூ போட்ட கறுப்பு டீ. வயதில் மூத்தவருக்கு முதலில் ஊற்றுவது எங்கள் கை தானாகச் செய்கிற காரியம். இவர் எதிரே இருந்த கோப்பையில் ஊற்றி முடித்த பிறகுதான், யாருக்கு ஊற்றியிருக்கிறோம் என்று அவனுக்கே உறைத்தது. கெண்டி அந்தரத்தில் நின்றது.

நானே கூட்டிக்கொண்டு வந்து இரண்டாவது தடவையும் முறிய வைக்கப்போகிறேனே என்று பயந்தேன். அவரால் தட்ட முடியாது, இரண்டு கையிலும் ஊசி. தலையை அசைக்க முடியாது, கழுத்து பூட்டிக் கிடக்கிறது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலாம். ஆனால் அந்த வாயை நான் அறிவேன். ஹோய்-பான் கோப்பையைப் பார்த்தான். இவர் ஹோய்-பானைப் பார்த்தார். அவர் தலை அந்தப் பக்கம்தானே.

டொக். டொக்.

மேசையிலிருந்து வரவில்லை. மேசைக்கு அடியிலிருந்து வந்தது. குனிந்து பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கட்டைவிரலால் மேசைக் காலைத் தட்டிக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். டொக் டொக். கேட்கவில்லையோ என்று நினைத்து இன்னொரு முறை, கொஞ்சம் பலமாக.

ஹோய்-பானின் உதடு துடித்தது. விடமாட்டானே! "பெரிய மனுஷன் டீக்குக் காலால நன்றி சொல்றதை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றான்.

"ஏன்டா, முழு உடம்பும் ஒரே லிஃப்ட்னு நீதானே சொன்னே? கழுத்துக்கு நீ கையில குத்தலாம், கைக்கு நான் காலால தட்டக்கூடாதா?" என்றார் இவர். பிறகு, குரல் இறங்கி, "போன வருஷத்துதும் சேர்த்துத்தான் தட்டினேன். ரெண்டு தரம் தட்டினேன்ல, கணக்கு சரியாப் போச்சு" என்றார்.

ஹோய்-பான் கெண்டியைக் கீழே வைத்தான். பிறகு சிரித்தான் பாருங்கள், கஷாயப் பானை மூடி தாளம் போடுகிற மாதிரி ஒரு சிரிப்பு. இவரும் சிரித்தார், சிரிக்கும்போது வலித்து "ஐயோ" என்றார், மறுபடி சிரித்தார். நான் சிரிக்கத்தான் நினைத்தேன். ஒரு வருஷமாக இரண்டு பேருக்கு நடுவில் டீ குடித்த வயிறு அது, சிரிப்புக்குப் பதில் விசும்பல்தான் வந்தது.

"என்னடி, அழறியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

என்னைப் பார்த்து. வலது பக்கம். பெண் பார்க்க வந்த அன்று பார்த்த மாதிரி, நேராக.

"அத்தான், கழுத்து!" என்று கத்தினான் ஹோய்-பான்.

"கழுத்து கிடக்கட்டும்டா" என்றார் இவர். "முதல்ல உன் அக்காவுக்கு டீயை ஊத்து."